பக்கத்து சீட்டின் எடை

பல்செட் செய்யும் கூடத்தில் அவரை 'இம்மி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு பல் இம்மி அளவு தூக்கலாக இருந்தாலும் மெழுகை உருக்கித் திரும்ப வைக்கச் சொல்வார். சொல்வதோடு நிற்க மாட்டார், பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானே வைத்துக் காட்டுவார். சாப்பாட்டில் ஒரு முடி கிடந்தால் நாக்குக்குத் தெரிகிறதே, அப்படித்தான் இதுவும் தெரியும் என்பது அவர் வாதம். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரை நாளாக ஆக முகத்துக்கு நேராகவே சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில் வேலை பார்த்தாள். சலவையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, கிழிசல் பார்த்து, தைத்து, மடித்து, வார்டு வாரியாக அடுக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து நிமிரும் வேலை. மகள் பிறந்த பிறகு முதுகில் ஒரு வலி வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் காலையில் பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, கம்பியைப் பிடித்து நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கி, அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நான் தைத்த விரிப்பிலேயே படுத்திருக்கிறேன் என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தாளாம்.

இம்மி கார் வாங்கியது அதற்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எல்லாரும், அவர் உட்பட, இதை மறந்துபோனார்கள்.

பழைய, சின்னக் கார். இரண்டே கதவு, வட்ட விளக்கு, தள்ளுவண்டிக்குப் போடுவது போன்ற குட்டிச் சக்கரங்கள். அந்த மாதிரி வண்டியில் ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர் கட்டை உண்டு, குலுக்கலை அது வாங்கிக்கொள்ளும். முந்தைய சொந்தக்காரர் மெதுவாகவே ஓட்டியவர் என்பதால் எல்லாம் பதமாக இருந்தது. காலையில் மகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, மனைவியை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, பிறகு கூடத்துக்குப் போவார். தொட்டிலில் வருகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி சொன்னாள். அந்தக் காலம் இரண்டு மூன்று வருஷம் நீடித்திருக்கும்.

ஒரு நாள் முன் டயர்களின் ஓரம் மட்டும் தேய்ந்திருப்பதைப் பார்த்தார். சக்கரங்களை நேர்படுத்தும் கடைக்கு எடுத்துப் போனார். அங்கே பெரிய மெஷின் இருந்தது, திரை இருந்தது. கடைக்காரர் வண்டிக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, போல்ட்டெல்லாம் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கிறது, உடைந்தால் நான் பொறுப்பில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டார். இம்மி வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, தானே செய்வதென்று முடிவெடுத்தார்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. நடக்கும்போது சிலருக்குக் கால் விரல் உள்பக்கம் பார்க்கும், சிலருக்கு வெளிப்பக்கம் பார்க்கும். காரின் முன் சக்கரங்களும் அப்படித்தான். அந்த வண்டிக்கு இத்தனை அளவு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும் என்று கணக்கு உண்டு. வீட்டை ஒட்டிய சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் முக்காலி வைத்து, சக்கர உயரத்தில் மீன்பிடி நரம்பை விறைப்பாகக் கட்டினார். நரம்பிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கு எவ்வளவு, பின் விளிம்புக்கு எவ்வளவு என்று எஃகு ஸ்கேலால் அளந்தார். சக்கரம் தடங்கல் இல்லாமல் திரும்புவதற்கு, நடுவில் கிரீஸ் தடவிய இரண்டு தரை ஓடுகளை அதன் அடியில் வைத்தார். துருவுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியைக் கால் சுற்று திருப்பினார், திரும்ப அளந்தார், இன்னும் கொஞ்சம் திருப்பினார். சாயங்காலம் தெருவைச் சுற்றி வந்தபோது வண்டி அவர் நினைத்த பக்கம் நினைத்த மாத்திரத்தில் திரும்பியது. அவர் முகத்தைப் பார்த்த மனைவி, கல்யாணத்தன்றுகூட இவர் இப்படிச் சிரிக்கவில்லை என்று மகளிடம் சொன்னாள்.

வினை அந்தச் சிரிப்பில் தொடங்கியது.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிச் சாலை இருந்தது. ஏகப்பட்ட வளைவுகள். பழைய கார் வைத்திருப்பவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடி, ஒவ்வொருவராக ஓட்டி, யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று நேரம் பார்ப்பார்கள். இம்மியும் போக ஆரம்பித்தார். அங்கே அவருக்குச் சிநேகமானவர் ஒரு சரக்குக் கிடங்கின் மேற்பார்வையாளர். வருஷத்துக்கு இரண்டு கிளட்ச்சைத் தேய்த்துத் தீர்ப்பதால் அவர் பெயரே 'கிளட்ச்' ஆகிவிட்டது. வண்டி இவ்வளவு உயரத்தில் நின்றால் வளைவில் சாயத்தான் செய்யும், கீழே இறக்கு என்றார் கிளட்ச். இம்மி இறக்கினார். ரப்பர் இன்னும் கெட்டியாக இருந்தால் ஆட்டம் குறையும் என்றார்கள். கெட்டியான ரப்பர் போட்டார், ஷாக் அப்சார்பரையும் முறுக்கான ரகமாக மாற்றினார். மாற்ற மாற்றக் குவாரிச் சாலையில் நேரம் குறைந்தது. சாதாரண சாலையில் கீழே கிடக்கும் தீப்பெட்டி மேல் ஏறினால்கூட அது தீப்பெட்டி என்று முதுகுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் சீட்டில் சின்னதாக ஒரு குஷன் வந்தது. கொஞ்ச நாளில் அதன் மேல் இன்னொன்று வந்தது. பிறகு துணி அறையில் கழித்துப்போட்ட விரிப்பு ஒன்றை நாலாக மடித்து முதுகுக்கு வைத்துக்கொண்டாள். தலை கூரையில் இடிக்கும் அளவுக்கு ஆன பிறகுதான் கேட்டாள், கொஞ்சம் மெத்தென்று பண்ண முடியாதா என்று. இந்தக் குவாரி ஓட்ட சீசன் முடியட்டும் என்றார் இம்மி. அந்த சீசன் முடிந்தது. அடுத்த சீசனுக்கான வேலை மறுநாளே தொடங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளட்ச் தன் கிடங்கிலிருந்து மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு நான்கைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்த்து, அதற்கேற்றபடி ஒவ்வொரு மூலையின் உயரத்தையும் சரிசெய்ய வேண்டும். ஓட்டுகிறவர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது எடுக்க வேண்டிய கணக்கு அது. ஆனால் கீழே படுத்து ஸ்பேனர் பிடிக்க வேண்டியவரும் இம்மிதான். அதனால் அவர் எடைக்கு ஒரு மணல் மூட்டை கட்டி ஓட்டுநர் சீட்டில் வைத்திருந்தார்கள். கிளட்ச் அதற்கு பெல்ட் மாட்டி, இம்மியின் தொப்பியையும் வைத்துவிட்டார்.

டீ கொண்டுவந்த மனைவி அதைப் பார்த்துச் சிரித்தாள். "யாருங்க இது?"

"நான்தான். என் எடைக்கு எடை" என்றார் இம்மி, வண்டிக்கு அடியிலிருந்தபடியே.

"அப்போ பக்கத்துல என் மூட்டை எங்க?"

கிளட்ச் சிரித்தார். இம்மி சிரிக்கவில்லை. கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "ஓட்டும்போது நான் மட்டும்தானே இருப்பேன்" என்றார்.

குவாரிச் சாலையை மனதில் வைத்துத்தான் அப்படிச் சொன்னார். அவள் டீ டம்ளரை வண்டியின் முன் மூடி மேல் வைத்தாள். உடனே கீழேயிருந்து குரல் வந்தது.

"டம்ளரை அங்க வைக்காதம்மா. கணக்கு மாறிடும்."

அவள் டம்ளரை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கிளட்ச்சின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. இம்மிக்கு அதுவும் தெரியாது.

அடுத்த வாரத் தொடக்கத்தில் அவள் பஸ்ஸில் போவதாகச் சொன்னாள். புது பஸ் விட்டிருக்கிறார்கள், சீட் நன்றாக இருக்கிறது, முதல் நிறுத்தத்தில் ஏறுவதால் உட்கார இடமும் கிடைக்கும் என்றாள். மகளும் பள்ளிக்கூடத்துக்கு அதே பஸ்ஸில் வந்துவிடுவாள். அவள் குரலில் கோபம் இல்லை. இம்மி சரி என்றார்.

அன்று காலை அவர் தனியாக ஓட்டிப் போனார். இத்தனை நாளும் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. எங்கே பிசகு என்று தெரியாமல் நரம்பு கட்டி நரம்பு கட்டி அளந்து பார்த்திருந்தார். அன்று ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தால்கூட, கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடத்தில் எல்லாரிடமும் சொன்னார். வண்டி ஏன் நேராகப் போகிறது என்று கொஞ்சம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். அது ஒரே ஆளுக்காக அளந்து வைத்த வண்டி. இப்போது அதில் ஒரே ஆள் இருந்தார்.

வெகு காலம் கழித்து, தன்னைத் தானே நொந்துகொண்ட நாட்களில், டம்ளர் விஷயம்கூட அவரை அவ்வளவு அரிக்கவில்லை. அந்தக் காலையில் சந்தோஷப்பட்டோமே என்பதுதான் அரித்தது.

வருஷங்கள் போயின. குவாரிச் சாலையில் அவர் பிடித்த உயர்ந்த இடம் நான்காவது. முதல் மூன்று பேர் அவரைவிட வயதில் குறைந்தவர்கள், பயம் இல்லாதவர்கள். பிறகு யாரோ சாலையின் வாயில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார்கள். கிளட்ச், தன் மகன் வீட்டோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா கிடந்தன. ஆனாலும் இம்மி வண்டியைப் பழையபடி மெத்தென்று மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. மனைவி பஸ்ஸில் போவது, வீட்டுச் சுவர் இருக்கிற மாதிரி, எப்போதும் இருந்த ஒன்றாக ஆகிவிட்டிருந்தது.

மகள் படித்து, கல்யாணமாகி, வயிற்றில் குழந்தையோடு ஊருக்கு வந்தாள். ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர இம்மி காரில் போனார். இரண்டு தெரு தாண்டியிருக்க மாட்டார்கள். நிறுத்துங்கள் என்றாள் மகள். நிறுத்தினார். அவள் இறங்கி, வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பதறிப்போய் தண்ணீர் வேண்டுமா என்றார், டாக்டரிடம் போகலாமா என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். மூச்சு சீரானதும் காரையே பார்த்தாள்.

"அம்மா எப்படிப்பா இதுல வந்துட்டிருந்தாங்க?"

மகள் வாடகை வண்டி பிடித்து வீட்டுக்குப் போனாள். பெட்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார். அன்று ஒவ்வொரு பள்ளமும் அவருக்குத் தனித்தனியாகத் தெரிந்தது.

மறுநாளே வேலையை ஆரம்பித்தார். கெட்டி ரப்பரைக் கழற்றி, ஆரம்பத்தில் வண்டியோடு வந்த ரகத்தையே தேடி வாங்கினார். ஷாக் அப்சார்பரையும் பழையபடி இளக்கமான ரகமாக மாற்றினார். உயரத்தை ஏற்றினார். முன்போல முழங்கால் மடங்க மறுத்தது. கீழே படுத்தால் எழுந்திருக்கப் பக்கத்துச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. புது ரப்பர் பாரத்தில் படிந்து நிலைக்குவரச் சில வாரங்கள் ஆகும். படிந்த பிறகு திரும்ப நரம்பு கட்டினார், கிரீஸ் ஓடு வைத்தார், கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பினார். தராசுகளைப் பழைய இரும்புக் கடை ஒன்றில் இரவல் வாங்கிவந்தார்.

அப்புறம் உள்ளே போய் மனைவியிடம், "உன் எடை எவ்வளவும்மா?" என்று கேட்டார்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதற்கு என்றாள். காருக்கு என்றார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு, ஆஸ்பத்திரியில் போன தடவை பார்த்தது என்று ஓர் எண்ணைச் சொன்னாள். அந்த எடைக்கு மணல் கட்டி, மூட்டையைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தார். அவர் எதிர்பார்த்த பாரம் இல்லை. இவ்வளவுதானா என்று மனதுக்குள் ஒரு மாதிரி இருந்தது. இறக்கிவைத்து இன்னொரு தடவை நிறுத்துப் பார்த்தார். எண் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை அவளைக் காரில் கூப்பிட்டார். வந்தாள். குஷன் எதுவும் எடுத்துவரவில்லை. கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரியாதவர் வண்டியில் ஏறினவள்போல உட்கார்ந்திருந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கியதும் ஏறியதும் தெரியவில்லை. எப்படி இருக்கிறது என்றார். நல்லா இருக்கு என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, கதவைச் சாத்தும் முன் குனிந்து, "தேங்க்ஸ்" என்றாள். இத்தனை வருஷ வாழ்க்கையில் அவள் அவருக்கு நன்றி சொன்னதில்லை. நன்றி சொல்ல வேண்டிய வேற்று ஆளாக அவர் இருந்ததில்லை.

மறுநாள் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இம்மி வாசலில் நின்றார்.

"உக்கார்றதுக்கு சரியா இல்லையா?" என்றார்.

"நல்லாத்தாங்க இருக்கு. முதுகுக்கு ஒண்ணுமே தெரியல." அவள் செருப்பின் வாரை மாட்டினாள். "ஆனா பஸ்ல எனக்காகக் காத்துட்டிருப்பாங்க. நேத்து வரலைன்னதும் மூணு பேரு போன் பண்ணிட்டாங்க."

அவள் போன பிறகு அவர் வண்டியைத் துடைத்தார். துடைக்க அதில் தூசி ஒன்றும் இல்லை.

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில்தான் அந்த மூன்று பேரையும் இம்மி முதன்முதலாகப் பார்த்தார். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து எல்லாரும் ஒன்றாக இறங்கி வீட்டுக்கு வந்தார்கள். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் பெண் ஒருத்தி, பள்ளிக்கூட நூலகத்தில் கூட்டிப் பெருக்கும் பெண் ஒருத்தி, பூட்டு ரிப்பேர் செய்கிற வயதானவர் ஒருவர். மனைவி அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். இம்மி டீ போட்டார்.

சமையலறையில் நின்றவருக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். மனைவி எழுந்து நின்று, துணி அறை அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடும் விதத்தைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தாள். நடை, குரல், கழுத்தை இழுப்பது எல்லாம் அச்சாக இருந்தது. அவளுக்கு இப்படிச் செய்ய வரும் என்பதே அவருக்குத் தெரியாது. பூட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் வாயில் இருந்தது இம்மி செய்த பல்செட். மேல்வரிசையின் முன்பற்கள் இரண்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூன்று தடவை மெழுகு உருக்கி வைத்த பற்கள்.

டீத் தட்டோடு அவர் உள்ளே வந்தபோது தபால்காரப் பெண், அக்கா இல்லாமல் இனி பஸ்ஸில் போவதை நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு வெகு சாதாரணமாக இம்மியிடம் திரும்பினாள்.

"அக்காவுக்கு மார்புல கட்டின்னு டெஸ்ட் எடுத்தாங்கல்ல, அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் எங்க யாருக்கும் தூக்கமே இல்ல. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்."

இம்மி தட்டைப் பிடித்தபடி நின்றார். மனைவி அவரைப் பார்த்தாள். நல்லவேளை ஒன்றுமில்லை என்று வந்தது என்று சட்டென்று சொல்லி, பேச்சை நூலகப் பெண்ணின் மகன் பக்கம் திருப்பிவிட்டாள். ஆமாம், நல்லவேளை என்றார் இம்மியும். ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டார், அது எப்போது என்று. மகள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் என்றாள்.

"என்கிட்ட சொல்லலையேம்மா."

அவள் கழுவின டம்ளரை வாங்கித் துடைத்தாள்.

"மறைக்கணும்னு இல்லைங்க. வீட்டுக்கு வந்தா வேலை இருக்கும், நம்ம பொண்ணும் கூட இருப்பா. நாம ரெண்டு பேரும் சும்மா உக்கார்றதுன்னா அந்தக் காலத்துல கார்லதான். கார்ல நான் வாயைத் தொறந்தாலே நீங்க கையைக் காட்டுவீங்க. எங்கயோ கடகடன்னு சத்தம் வருது, கேக்க விடுன்னு. அப்புறம் பஸ்ல பேசிப் பழகிட்டேன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவருக்கும் ஞாபகம் இருந்தது. ஒரு கையை உயர்த்தி, தலையைச் சாய்த்து, வண்டிக்குள் எங்கோ ஆடும் ஒரு திருகைத் தேடியது ஞாபகம் இருந்தது. எந்தத் திருகு, எங்கே இறுக்கினார் என்பதெல்லாம்கூட ஞாபகம் இருந்தது. அப்போது அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது ஒரு தடவைகூட ஞாபகம் இல்லை.

மன்னிப்புக் கேட்க நினைத்தார். எதற்கென்று தொடங்குவது என்று தெரியவில்லை. டம்ளர்கள் தீர்ந்துபோயின.

இப்போது வாரத்தில் ஒரு நாள் அந்த நால்வரும் தபால்காரப் பெண் வீட்டில் கூடுகிறார்கள். இம்மிதான் மனைவியைக் காரில் கொண்டுபோய் விடுகிறார். முதல் தடவை அவரையும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். அவர் உட்கார்ந்ததும் பேச்சு மரியாதையாக மாறிவிட்டது. உடம்பு எப்படி, மகள் எப்படி, பேரன் நடக்கிறானா என்று கேட்டார்கள். அதன் பிறகு அவர் உள்ளே போவதில்லை. கூட்டிப்போக வேண்டிய நேரத்துக்குத் திரும்பி வந்து வாசலில் நிற்பார். ஜன்னல் திறந்திருந்தால் சிரிப்பு கேட்கும், எதற்கு என்று தெரியாது.

போன வாரம் திரும்பி வரும்போது, இன்றைக்கு என்ன பேசினீர்கள் என்று கேட்டார். சும்மா ஏதேதோ என்றாள். பிறகு தானாகவே சிரித்துக்கொண்டு ஒரு சம்பவத்தைச் சொல்லத் தொடங்கினாள். அதில் ஒரு பழைய பஸ் டிரைவர் வந்தார். அவர் யார் என்று இம்மி கேட்டார். சொன்னாள். அந்த டிரைவரோடு சண்டை போட்ட பெண் யார் என்று கேட்டார். அதையும் சொன்னாள். அந்தப் பெண்ணின் தங்கை கதையைச் சொன்னால்தான் இது புரியும் என்று இன்னும் பின்னால் போனாள். அவர் வண்டியை மெதுவாக ஓட்டினார். அவள் தொடங்கின சம்பவத்துக்குத் திரும்பி வரும் முன் வீடு வந்துவிட்டது.

"விடுங்க, உங்களுக்கு ஆள் யாருமே தெரியாது. இன்னொரு நாள் சொல்றேன்" என்று இறங்கினாள்.

அவர் கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தபோது, அவள் போனில் தபால்காரப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். அதே டிரைவர் கதைதான். பாதியில் நின்ற இடத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. அவர் சமையலறைக்குப் போய், சத்தம் வராமல் பாத்திரத்தை எடுத்து, டீக்குத் தண்ணீர் வைத்தார்.